காலி ஃப்யூஸுக்குக் காவல்

...நீங்க உள்ள வரவேணாம் சார், அந்தப் பொட்டிக்கிட்டயே நில்லுங்க. உள்ள வந்து பாக்கறதுக்கு என்னா இருக்குது, ஒரு ஆளு ஸ்டூல் மேல ஏறி நிக்கறான், அவ்ளோதான். நீங்க உள்ள வந்துட்டா அங்க யாரு நிக்கறது? ஹவ், ஆமா, அதேதான், மாடிப்படிக்குக் கீழ. நாலு வீட்டு மீட்டரும் வரிசையா இருக்குதா? ஓரத்துல இருக்கறது நம்மது. அதுல ஃப்யூஸ் கட்ட இருக்கவேண்டிய எடம் பல்லு விழுந்த வாயி மாதிரி காலியா இருக்கும். இருக்குதா? இருக்கணும். அந்தப் பீங்கான் கட்ட என் சட்டப் பாக்கெட்டுல இருக்குது. உங்க வேல என்னான்னா, அந்தக் காலி எடத்துல எவனும் வந்து எதையும் சொருகாமப் பாத்துக்கறது. இது ஒரு எஞ்சினியருக்குக் குடுக்கற வேலயான்னு நெனைக்காதீங்க. எஞ்சினியருங்க ஃபேக்டரியில செய்யறதுல பாதியவிட இது பொறுப்பான வேல. நீங்க விட்டுட்டுப் போனா நான் போயிடுவேன்.

கோச்சிக்கினீங்களா. மாடிக்கு இப்பத்தான் குடி வந்திருக்கீங்க, அதுக்குள்ள கீழ்வீட்டுக்காரன் வழி மறிச்சி வேல வாங்கறானேன்னு இருக்கும். குணசேகரன்தானே பேரு? திருச்சிப் பக்கம்னு வாட்ச்மேன் சொன்னான். நான் தியோடர். வேலூரு. இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து தல நரைச்சிப் போச்சி, ஆனா தமிழு மட்டும் வேலூருத் தமிழுதான், அத எவன்கிட்டயும் மாத்திக்கல. உங்க ஃபேக்டரியிலதான் இருக்கேன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல. ஆபரேட்டரு. நைட் டூட்டி மட்டும். நீங்க ராத்திரியில ஃபோன எடுத்தா "எக்ஸ்சேஞ்ச்"சுன்னு ஒரு குரலு கேக்கும், அது நான். யாரும் எடுக்கறதில்ல. விடிய விடிய போர்டப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன், ஒரு லைட்டு மினுக்காது. ராத்திரியில பேசாதத எல்லாம் சேத்து வெச்சிப் பகல்ல பேசறேன்னு என் சம்சாரம் மெட்டில்டா சொல்றா. அவ சொல்றதுல அது ஒண்ணுதான் சரி.

பஸ்ஸுக்குத்தானே கெளம்புனீங்க. போலாம் சார். குஷாய்குடா ஸ்டாப்புல அந்த பஸ்ஸு என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்குது, இன்னிக்கி உங்களுக்காக வந்து நிக்கறதுக்கு?

இப்படி செய்வோம். எனக்கு முதுகுதான் வாசப் பக்கம், திரும்பிப் பாத்தா ஸ்டூலு ஆடும். நான் அப்பப்ப "சார்"ன்னுவேன். நீங்க அந்தப் பொட்டியோட தகரக் கதவ ஒரு தட்டு தட்டணும். இருக்கீங்கன்னு அர்த்தம். வாயால பதில் சொல்லவேணாம். நான் பேசறப்ப குறுக்க யாராவது பேசுனா எந்த வயரு எங்க போவுதுன்னு எனக்கு மறந்துடும். எங்க, சார்?

...ம். நல்ல கை.

இது என்னா வேலன்னு நீங்க கேக்கவே இல்ல. திருச்சிக்காரங்களுக்கு மரியாத ஜாஸ்தி போல. இதோ இந்த மூலையில டேபிளு இருக்குது பாருங்க, இல்ல, நீங்க பாக்கவேணாம், இருக்குதுன்னு வெச்சிக்கோங்க. என் பொண்ணு லோயிஸோடது. ஒம்பதாங் கிளாஸு. அந்த டேபிளுக்கு நேரா ஒரு லைட்டு, பக்கத்துலயே அவ கைக்கு எட்டறாப்புல ஒரு சுவிட்சு. அவ்ளோதான். இன்னிக்கி இருட்டுனப்புறம் அவளாவே கைய நீட்டி அந்த சுவிட்சப் போட்டுக்கினு படிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மழக்காலத்துலருந்து அந்தப் பொண்ணு இந்த வீட்ல ஒரு சுவிட்சத் தொடல சார். சாயங்காலம் ஆனா அவங்கம்மா வந்து லைட்டப் போடற வரைக்கும் இருட்டுலயே ஒக்காந்திருக்கா. இல்லன்னா புஸ்தகத்தத் தூக்கிக்கினு எதிர்வீட்டுக்குப் போயிடறா, அங்க பாமான்னு ஒரு பொண்ணு இவ கிளாஸு. அங்கயும் சுவிட்சத் தொடறதில்லன்னு கேள்வி. ஏன்னு கேக்காதீங்க, அது வேற கத.

மெயிண்டனன்ஸுக்கு ஒரு கம்ப்ளெயிண்டு குடுத்தா வந்து செஞ்சி குடுப்பானேன்னுதானே யோசிக்கறீங்க. புதுசா வர்றவங்க எல்லாம் இப்படித்தான் யோசிப்பாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க. வருவான் சார். என்னிக்கின்னு கேக்கக்கூடாது, வருவான். வந்து சுவத்த ஒரு பார்வ பாப்பான், பெரிய டாக்டரு சீரியஸ் கேஸப் பாக்கறாப்புல. "இதர் பாய்ண்ட் நஹி ஹை சாப்"ன்னுவான். பாய்ண்டு இல்லன்னுதானேப்பா உன்னக் கூப்புட்டதே. "பாய்ண்டுக்கு சாங்க்ஷன் நஹி ஹை." டீ குடிப்பான். டீயில சக்கர கம்மின்னு மூஞ்சியக் காட்டுவான். போவான். அதுக்கப்புறம் கம்ப்ளெயிண்டு முடிஞ்சிதுன்னு கையெழுத்து வேற வாங்குவான்.

அவனாவது ஒண்ணும் செய்யாமப் போனான், புண்ணியம். இந்த குவார்ட்டர்ஸுக்கு மொதமொதல்ல வயரிங் பண்ணவன் இருக்கானே, அவன் செஞ்சிட்டுப் போயிருக்கான். இந்த ரூம் லைட்ட ஒரு நாளு அணைச்சிட்டு பல்பக் கழட்டுனேன். சும்மா ஒரு சந்தேகத்துக்கு ஹோல்டருக்குள்ள டெஸ்டர வெச்சேன். ஜம்முனு எரியுது. சுவிட்சு அணைஞ்சி இருக்குது, லைட்டு இல்ல, ஆனா ஹோல்டருல கரண்ட்டு இருக்குது. எப்படி? சுவிட்ச நியூட்ரல்ல குடுத்திருக்கான் மவராசன். கரண்ட்டு வர்ற வழிய மூடணும், இவன் அது திரும்பிப் போற வழிய மூடி வெச்சிருக்கான். அது உள்ள வந்து ஒக்காந்துக்கினு, எவன் விரல் வரும்னு காத்துக்கினு இருக்குது. நாலு வீட்லயும் அதே லட்சணம். உங்க வீட்டுலயும்தான். பல்பு மாத்தறப்ப சுவிட்ச நம்பிடாதீங்க, கீழ எறங்கி வந்து ஃப்யூஸப் புடுங்கிட்டு மாத்துங்க. நீங்க எலெக்ட்ரிகலா, மெக்கானிகலா? ...ஆமா, வாயால பதில் வேணாம்னு நான்தான் சொன்னேன். எதுவா இருந்தாலும் புடுங்கிட்டே மாத்துங்க.

சார்? ...ம்.

நான் எங்க கத்துக்கினேன்னு கேப்பாங்க எல்லாரும். எவன்கிட்டயும் இல்ல. கோட்டி பஜாருல பழைய புஸ்தகக் கடையில ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கெடச்சிது. அட்ட இல்ல, முன்னாடி கொஞ்சம் பக்கமும் இல்ல, அதனால எழுதுனவன் யாருன்னு தெரியாது, திட்டறதுக்கும் பேரு இல்ல. எக்ஸ்சேஞ்சுல ஒக்காந்து அதப் படிச்சேன். அதுல இருக்கற படத்துல வயரு எல்லாம் கோடு போட்டாப்புல நேரா போவுது. வீட்ல எந்த வயரு நேரா போவுது? இந்தச் சுவத்துல ஏறி, உத்தரத்துல ஒரு சுத்து சுத்தி, பாத்ரூமுக்குப் போய் எட்டிப் பாத்துட்டு திரும்பி வருது, ஏதோ சொந்தக்காரங்களப் பாக்கப் போனாப்புல. புஸ்தகம் எழுதுனவன் இந்த ஊரு பக்கம் வந்திருந்தா அழுதிருப்பான்.

ஆனா ரூலு இருக்குது பாருங்க, அது நல்ல ரூலு. ஒண்ணு, ஃப்யூஸப் புடுங்காம எதையும் தொடாத. ரெண்டு, புடுங்குனாலும் நம்பாத, டெஸ்டரு வெச்சிப் பாரு. மூணு, டெஸ்டரையும் நம்பாத. டெஸ்டரே செத்துப் போயிருந்தா கரண்ட்டு இருந்தாலும் எரியாது இல்ல? அதனால மொதல்ல கரண்ட்டு இருக்கற எடத்துல வெச்சி அது எரியுதான்னு பாக்கணும். நம்ம வீட்லதான் ஃப்யூஸப் புடுங்கியாச்சே, கரண்ட்டுக்கு எங்க போறது? எதிர்வீட்டுக்குப் போவேன். டெஸ்டரக் கையில வெச்சிக்கினு, "அம்மா, உங்க பிளக்க ஒரு நிமிஷம் பாத்துக்கட்டுமா"ன்னு கேட்டு, அங்க எரிய வெச்சிப் பாத்துட்டு, இங்க வந்து எரியலன்னு பாத்துட்டு, மறுபடியும் அங்க போய் எரியுதான்னு பாப்பேன். அவங்க வீட்டு அம்மா எனக்கு மூள கலங்கிடுச்சின்னு காலனி பூராவும் சொல்லிட்டாங்க. சொல்லட்டும். நாலாவது, ரப்பர் செருப்பு. அஞ்சாவது, சந்தேகம் இருக்கறப்ப ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோ. ரெண்டு கையாலயும் தொட்டா அது நெஞ்சு வழியாப் போவும், ஒரு கைன்னா தப்பிக்க வழி இருக்குது.

இத என் மச்சினன்கிட்ட சொன்னேன். ரூஃபஸுன்னு, மெட்டில்டா தம்பி, சிக்கந்தராபாத்துல ரயில்வேயில இருக்கான். பல்லால வயரு தோல உரிக்கற ஆளு. அவன் பூர்வீகமே அப்படித்தான், ஒரு வேலைக்கும் சாமான் எடுக்கமாட்டாங்க. "ஒரு கையக் கட்டிக்கினு வேல செய்யணுமா, எதுக்கு பாவா, நீங்க என்னா ஸ்கூலு பையனா"ன்னு சிரிக்கறான். "கரண்ட்டு என்ன ஒண்ணும் பண்ணாது, பழகிப்போச்சி"ன்றான். நான் கேட்டேன், கரண்ட்டு என்னா உன் அக்கா புருஷனாடா, நீ என்னா பண்ணாலும் பொறுத்துக்கினு போறதுக்கு? அன்னிலருந்து அவன் என்கூடப் பேசறதில்ல. அந்த வகையில இந்த வயரிங்கால எனக்கு ஒரு நல்லதும் நடந்துது.

சார்? ...ம். ரெண்டு தரம் தட்டவேணாம், ஒண்ணு போதும். ரெண்டு தட்டுனா ஏதோ அவசரம்னு நெனச்சிடுவேன். தோ, லைட்டு மாட்டற இந்த ரவுண்டு பிளாக்க முடுக்கிட்டா பாதி வேல முடிஞ்சிது. ஸ்க்ரூ உள்ள போகமாட்டேன்னுது. சுவத்துல குச்சி அடிச்சி வெச்சிருக்கான் பாருங்க, அது மரமா இல்ல அட்டையான்னு தெரியல.

அப்ப கட்டய உன் பாக்கெட்டுல போட்டுக்கினு வேல செய்ய வேண்டியதுதானே, எதுக்குக் காவலுன்னு கேப்பீங்க. நியாயம். அப்படித்தான் செஞ்சேன். எதிர்வீட்டு கிருஷ்ணமூர்த்தி இருக்காரே, அந்த பாமாவோட அப்பா, அக்கவுண்ட்ஸ் ஆளு. ரொம்ப நல்ல மனுஷன். இந்த ஒலகத்துல ஆபத்து எல்லாம் நல்ல மனுஷன் வழியாத்தான் வருது. அன்னிக்கி ஒரு ஜாயிண்டப் பிரிக்கலாம்னு ஃப்யூஸப் புடுங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கினு ஏறிட்டேன். இவரு கதவத் தொறந்து வெளிய வர்றாரு, பாக்கறாரு, என் எடம் காலியா இருக்குது. அடப்பாவமே, தியோடரு நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்கற நேரம், ஃபேன் இல்லாம வேர்த்துக் கொட்டுமே, எந்தக் கழுதயோ கட்டயத் திருடிக்கினு போயிட்டான் போலன்னு, தன் வீட்ல இருந்த ஸ்பேரு கட்டயக் கொண்டாந்து, வயரு வேற புதுசாக் கட்டி, சொருகிட்டுப் போனாரு. நான் இங்க ப்ளேடு எடுத்துக்கினு நிக்கறேன். மறுபடியும் ஒரு தரம் டெஸ்டரு வெச்சிப் பாக்கணும்னு எனக்கு எப்படித் தோணிச்சோ. வெச்சேன், எரிஞ்சிது. அப்புறம் ஸ்டூலுலருந்து எறங்கி தரையில ஒக்காந்துட்டேன். அந்த நேரத்துல உள்ள வர்றாரு, சிரிச்ச மொகமா. "என்ன தியோடர், ஃபேன் வந்துடுத்தா?"

போர்டு எழுதி மாட்டினேன் சார், அதுக்கப்புறம். "ஆள் வேலை செய்கிறார், ஃப்யூஸைத் தொடாதீர்கள்"னு, செவப்பு இங்க்ல, பெருசா. நாலு வீட்ல ரெண்டு வீடு தமிழு, ஒரு வீடு மலையாளம், மேல உங்க எடத்துல அப்ப ஒரு தெலுங்கு ஃபேமிலி. எந்த பாஷையில எழுதறது? இங்கிலீஷ்ல எழுதியிருக்கலாம்தான். தமிழு இருக்கறப்ப எதுக்கு? கட்டய எடுத்துக்கினு வந்து சொருகுனது தமிழ் ஆளுதானே? அடுத்த தரம் அந்த போர்டுக்கு நேராவே நின்னு, கட்டயக் கையில வெச்சிக்கினு, சொருகலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினு இருக்காரு. நான் ஓடிப்போய்க் கையப் புடிச்சேன். என்னா சாரு, எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலயான்னேன். "தமிழ் பேசுவேன் சார், படிக்க வராது. இங்கயேதான பொறந்து வளந்தேன். ஏதோ உங்க சர்ச் நோட்டீஸுன்னு நெனச்சேன்"றாரு. சர்ச்சு நோட்டீஸு. செவப்பு இங்க்ல. கரண்டு பொட்டி மேல.

சார்? ...சார்?

...என்னா சார், சத்தத்தக் காணோம். பஸ்ஸுன்னு நெனச்சிட்டீங்களா, அது லாரி, எனக்கு சத்தம் தெரியும். சார்?

...ம். அது. ஏன் இவ்ளோ மெதுவாத் தட்டறீங்க, கை வலிக்குதா. தோ முடிஞ்சிடும்.

நீங்க கேக்கமாட்டீங்க, ஆனா மனசுல நெனைப்பீங்க. பொண்டாட்டி இருக்குது, பொண்ணு இருக்குது, காவலுக்கு மாடி வீட்டுக்காரனப் புடிக்கறானேன்னு. மெட்டில்டா நிக்கமாட்டா. "லைசன்ஸு இருக்கற ஆளு வந்து செஞ்சா செய்யட்டும், இல்லன்னா அந்தப் பொட்டிக்கிட்ட என் நெழலுகூட விழாது"ன்னுட்டு தம்பி வீட்டுக்குப் போயிருக்கா. பொண்ணுதான் முன்ன நிக்கும். ஆரம்பத்துலருந்து அவதான். நான் அந்தப் புஸ்தகத்தப் படிச்சிட்டு, நேரா செவுத்துல கை வெக்கக்கூடாதுன்னு, ஒரு பலகையில மொதல்ல டார்ச்சு பல்பும் பேட்டரியும் வெச்சி ஒரு வீடு மாதிரி வயரிங் பண்ணேன். இது ஹாலு, இது சமையல் ரூமுன்னு. அவ பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொரு ரூமுக்கும் கலர் பென்சில்ல பேரு எழுதுனா. எனக்கு ஒரு ரூமு எழுதுனா, அதுல "டாடி ஸ்லீப்பிங்"னு போட்டா. அப்புறம் நெஜமா வேல ஆரம்பிச்சப்ப, ஃப்யூஸக் கையில புடிச்சிக்கினு அங்க நிக்கறது அவதான். சர்ச்சுல மெழுகுவத்தி புடிச்சிக்கினு நிக்கறாப்புல நிப்பா, அசையமாட்டா. ஒரு கொசு கடிச்சாகூட.

அவகிட்டயும் நான் தமிழுலதான் பேசுவேன். அவ தெலுங்குல பதில் சொல்லுவா. ஸ்கூலு தெலுங்கு, தெரு தெலுங்கு, சண்ட போட்டாலும் தெலுங்கு. நான் தமிழுல கேப்பேன், அவ தெலுங்குல சொல்லுவா, ரெண்டு பேருக்கும் புரிஞ்சிது. புரிஞ்சிதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

அன்னிக்கி இதே ஹால் லைட்டு. அந்த நியூட்ரல் சுவிட்ச சரி பண்றேன். நான் ஹோல்டருக்குள்ள விரல விட்டுக்கினு இருக்கேன். பாமா வாசல்ல வந்து ஆடக் கூப்புட்டுச்சு போல. இவ அங்கருந்து, இந்தக் கட்டய என்னா பண்ணட்டும்னு கேட்டா. நான் சொன்னேன், "அங்கயே வெய்யி."

வெய்யி. நம்ம பாஷையில வெய்யின்னா என்னா சார்? கையில இருக்கறத ஒரு எடத்துல வெய்யி. உங்க திருச்சியில "வை"யின்னுவீங்க, எங்க பக்கம் வாய் நெறய "வெய்யி". பொட்டி மேல வெச்சிட்டு நீ ஆடப் போன்னு அர்த்தம். இந்த ஊரு தெலுங்குல? லைட்டு வெய்யி, ஃபேன் வெய்யி, ரேடியோ வெய்யி. நாம லைட்டப் போடுவோம், இவனுங்க வெய்ப்பானுங்க. காலைலருந்து அந்தப் பொண்ணு காதுல அந்த வெய்யிதான் விழுந்துக்கினு இருக்குது. நானும் வெய்யின்னேன். வெச்சிட்டா. எங்க வெக்கணுமோ அங்க, நான் கத்துக் குடுத்தாப்புலயே, கட்ட அந்தக் காலி எடத்துல சரியா ஒக்கார்ற வரைக்கும் அழுத்தி.

அதச் சொல்லமுடியாது சார். யாரோ உள்ளருந்து புடிச்சி உலுக்கறாப்புல இருக்கும். தூக்கிப் போட்டுது, அதனால பொழச்சேன். இந்த டேபிளு மேலதான் விழுந்தேன். கீழ விழுந்தவன் என்னா கீர்த்தனையா பாடுவான்? ஏதோ ஒரு வார்த்த வந்துடுச்சி. என்னக் கொன்னுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தியாடின்னு. ஷாக்கு அடிச்சவன் பேசறது ஒரு பேச்சா? போதையில பேசறவன் பேச்ச விட்டுடறோம், தூக்கத்துல ஒளர்றவன் பேச்ச விட்டுடறோம். இத மட்டும் அந்தப் பொண்ணு எடுத்து பத்திரமா உள்ள வெச்சிக்கினா. அதத் தமிழுலதான் சொன்னேன். அது மட்டும் எப்படி நல்லாப் புரிஞ்சிதோ.

அன்னிலருந்து சுவிட்சு கெடையாது. "லைட்டப் போடு"ன்னு சொன்னாக்கூட நிக்கறா, அம்மாவப் பாக்கறா. தமிழு கத்துக் குடுக்காம வளத்துட்டியேன்னு மெட்டில்டாவத் திட்டுனேன். அவ என்னா சொல்றா தெரியுமா? "ராத்திரி பூரா இல்லாம, பகல் பூரா தூங்கற அப்பன்கிட்ட எந்த நேரத்துல தமிழு கத்துக்கும்"ன்றா. நாக்கு சார் அது, ப்ளேடு தோத்துடும். அது மட்டுமா, நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். பெத்த அப்பன், பொண்ணுகிட்ட. எந்த ஊரு வழக்கம்? லைட்டு போட்டுக் குடுக்கறேன், அது போதாதா. நான் வர்ற நேரம் அவ ஸ்கூலுக்குக் கெளம்பற நேரம், நான் எழுந்துக்கற நேரம் அவ பாமா வீட்ல. வாசல்ல எதிருக்கு எதிரு வந்தா செவுத்தோட ஒட்டிக்கினு வழி விடறா, ஏதோ வாடகைக்குக் குடி இருக்கறவங்க மாதிரி. அவ செஞ்சதுல தப்பு இல்ல சார், அதக்கூட நான் ஒத்துக்கறேன். சொன்னா, செஞ்சா. சொன்ன பேச்சக் கேக்கற பொண்ணு இந்தக் காலத்துல எவனுக்கு இருக்குது. ஆனா அத அவகிட்டப் போயி எப்படி சொல்றது? எந்த நேரத்துல? அதுவும் எந்த பாஷையில?

சார்?

...சார்?

...என்னா, தட்டவும் காணோம், ஒண்ணும் காணோம். நான் பேசறது ஒரு மாதிரி ஆயிடுச்சா. இருங்க, அது என்னா சத்தம். ஷூ சத்தம். உங்க காலுல செருப்புதானே இருந்துது?

யாரு அங்க?

...லோயிஸ்?

எப்ப வந்த. ஸ்கூலு விட்டாச்சா. ...அந்த சாரு எங்க? ...போயிட்டாரா. ...பஸ்ஸுக்கா. உன்ன அங்க நிக்கச் சொல்லிட்டா? நல்ல எஞ்சினியரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா. ...சொன்னாரா. நான் பேசிக்கினே இருந்தேனா. இருப்பேன்.

நீ எப்பருந்து நிக்கற? ...பாமா அப்பா... சர்ச்சு நோட்டீஸா. ஓ. அதுலருந்தா.

அப்ப அந்த மெதுவாத் தட்டுனது நீதானா.

...தமிழு ஒண்ணும் சரியாப் புரியலன்னு சொல்லிடு, பரவால்ல. ...புரிஞ்சிதா. ...எல்லாமேவா.

...ம்.

இரு. எறங்கறேன். அங்கயே நில்லு, எதுவும் பண்ணாத, நான்தான் எறங்கி வர்றேன்.

கைய நீட்டு. நீட்டுன்னா. பாக்கெட்டுல இருந்து இருந்து சூடா இருக்குது பாரு. புடி. ...ஏன் தலய ஆட்டற. இத நான் சட்டயில போட்டுக்கினு வேல செஞ்சா எனக்குக் குனிய முடியல, ஒவ்வொரு தரமும் நெஞ்சுல குத்துது. அதனாலதான் குடுக்கறேன், வேற ஒண்ணும் இல்ல. வேணாம்னா அந்தப் படியில வெச்சிட்டு... வெச்சிட்டுன்னா... நக்கோ, வேணாம். இந்த வார்த்தைய நான் எடுக்கவே கூடாது. புடிச்சிக்கோ. ரெண்டு கையாலயும். அப்படித்தான்.

எங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு பழக்கம் இருக்குது, உனக்கு சொன்னதில்ல. ராத்திரி எவனாவது ஒரு நம்பரு கேட்டா, நான் ஒடனே கனெக்ஷன் வயர எடுத்து போர்டுல சொருகமாட்டேன். அந்த நம்பரத் திருப்பி அவனுக்கே சொல்லுவேன். அவன் ஆமான்னா சொருகுவேன். அவனும் தூக்கத்துல இருப்பான், நானும் தூக்கத்துல இருப்பேன், அதுக்காக. இங்கயும் அப்படியே வெச்... அப்படியே பண்ணுவோம். நான் சொல்ற வரைக்கும் இந்தக் கட்ட உன் கையிலதான் இருக்கும். இப்ப அதத் திருப்பிச் சொல்லு. தமிழு வேணாம், நீ சொல்றபடியே சொல்லு.

...எப்படி? ..."நுவ்வு செப்பேதாக்கா வெய்யனு, டாடி."

வெய்யனுன்னா போடமாட்டேன்னுதானே? ...தெரியும், தெரியும், சும்மாக் கேட்டேன். நான் சொல்ற வரைக்கும் போடமாட்ட. வெய்யனு. சரி. நல்ல வார்த்ததான்.

ஏறிட்டேன். டெஸ்டரு வெக்கறேன் பாரு. உன்ன நம்பாம இல்ல, இது எல்லாருக்கும் வெக்கறது. பிஷப்பே வந்து அங்க கட்டயப் புடிச்சிக்கினு நின்னாலும் நான் வெச்சித்தான் பாப்பேன்.

...எரியல.

லோயிஸ்? ...தட்டவேணாம். தட்டறது யாரு வேணாலும் தட்டலாம். நீ பேசு. எதுனா பேசிக்கினே இரு, நீதான் அங்க இருக்கன்னு எனக்குத் தெரியணும். தெலுங்குலயே பேசு. நான் குறுக்க பேசல.

...ம்.

...ம். யாரு, அந்தக் கணக்கு டீச்சரா?

...ம். அப்புறம்?